நானூறு மீட்டரும் ஒரு திங்கட்கிழமையும்

முதலில் பின்பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. மூன்றாவதும் நாலாவதும் சேர்ந்தே விழுந்தன. திறந்த பெட்டி வைத்த என் கெப் வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் தாழ்ந்தது.

திரும்பிப் பார்க்க முடியவில்லை. முக்காட்டுக்கு மேல் இரவல் ஹெல்மெட். அது கழுத்தை அசையவே விடாது. கண்ணாடியில் பார்த்தேன். எல்கடுவையிலிருந்து என்னோடு வந்திருந்த முருகையாவும் அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேரும் பின்பெட்டியில் ஏறி, பின் சக்கரங்களுக்கு நேர் மேலே, காலை அகட்டி வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இப்ப எடுங்கக்கா, இனிமே சறுக்காது," என்றான் முருகையா.

நான் நின்ற இடம் டிராக் ரேஸ் ஓடுபாதையின் தொடக்கக் கோடு. தம்புள்ளைக்கு அப்பால், யாரும் பாவிக்காமல் கிடந்த ஒரு கொங்கிரீட் பாதை. நேராக நானூறு மீட்டர். இரண்டிரண்டு வண்டியாக விடுவார்கள். முதலில் கடந்தவர் வெற்றி. அன்று காலை நடந்தது வெறும் ஒத்திகை ஓட்டம். முதல் ஒத்திகையில் என் பின் டயர்கள் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை கிளப்பின. இரண்டாவதற்கு வந்தபோதுதான் இந்த நாலு பேரும் ஏறினார்கள்.

கொடி பிடித்திருந்த அதிகாரி ஓடி வந்தார். "பஹின்ன, பஹின்ன," என்று அவர்களை இறக்கினார். பிறகு என் ஜன்னலில் தலையை நுழைத்துச் சிங்களத்தில் சொன்னார்: "அக்கே, இது ரேஸ். பஸ் இல்ல."

இருபுறமும் நின்ற சனம் கைதட்டியது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் முருகையா மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. அவன் செய்ததில் எங்கள் பக்கத்தில் யாருமே தப்புக் காணமாட்டார்கள்.

மழைநாள் வழக்கம்

எல்கடுவைத் தோட்டத்துக்கு மேலே போகும் பாதையை மழைநாளில் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சிவப்புச் சேறு. வெறும் பெட்டியோடு போனால் கெப்பின் பின்பக்கம் இலேசாகி, டயர் சும்மா சுற்றும். அப்போது பக்கத்தில் யார் இருந்தாலும் கூப்பிடாமலே வந்து ஏறுவார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கூடையோடு ஏறுவார்கள். மேடு தாண்டியதும் இறங்கித் தங்கள் பாட்டில் போவார்கள். நன்றி சொல்கிற வழக்கமோ கேட்கிற வழக்கமோ கிடையாது.

நான் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி மாத்தளைக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். என் வீட்டுக்காரர் கட்டாரில். வீட்டில் சும்மா இருந்தால் எனக்கு வாய் நீளும் என்று அவரே பயந்து வண்டி ஓட்டப் பழக்கிவிட்டுப் போனார். முருகையாவின் லயத்து வீட்டுக்குப் பின்னால் நாலைந்து மரத்தில் மிளகுக் கொடி இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக என் வண்டி சறுக்கும்போதெல்லாம் முதலில் ஏறுகிறவன் அவன்தான். அன்றும் சறுக்கியது, ஏறினான். அவ்வளவுதான்.

"பொம்பளை கெப் ஓட்டினதை ஊர் எப்படிப் பார்த்தது?" என்று இந்தப் பத்தியைப் படிக்கிற ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது, தங்கச்சி. பிறகு மழை வந்தது, ஏறிக்கொண்டது.

திங்களும் வியாழனும்

அந்த ரேஸுக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. நானாவுக்காகப் போனேன்.

என் மூத்த சகோதரர் நிஸாம் நானா டீசல் பம்ப் திருத்துகிறவர். மாத்தளையில் அவருக்கு ஒரு சின்ன கராஜ் இருந்தது. ஒரு இயந்திரம் ஓடும் சத்தத்தை வீதியின் மறுபக்கத்தில் நின்று கேட்டே எந்த இன்ஜெக்டர் சரியில்லை என்று சொல்வார். என் கெப்பின் இயந்திரத்தை ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டியவர் அவர்தான்.

பிறகு அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும், கண்டி ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். போகும்போது பேசிக்கொண்டு வருவார். திரும்பும்போது பிழிந்த துணி போலக் கிடப்பார். பஸ்ஸில் உட்கார முடியாது. திரீவீலரின் குலுக்கலில் வாந்தி எடுப்பார். வாரம் இரண்டு தரம் வாடகை வேன் பிடிக்க எங்களுக்கு வசதியில்லை. என் கெப்பின் முன்சீட்டைப் பின்னுக்குச் சாய்த்து, தலையணை வைத்து, நான்தான் கொண்டு போய்க் கொண்டு வருகிறேன்.

அதனால் அந்த வண்டி எனக்கு வியாபார வண்டி மட்டுமல்ல. அது படுத்தால் நானாவும் படுத்துவிடுவார். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒரு தடவை அப்படி நடந்திருக்கிறது.

ஒரு கேன் டீசல்

டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம். அலுவிகாரையில் எங்கள் வீட்டு வாசலையும் தாண்டி வரிசை நீண்டிருந்தது. சொந்த வீட்டுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, வரிசையில் நிற்பதாகச் சொல்லிக்கொண்டு, உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவேன். அந்த ஒரு சௌகரியத்தைத் தவிர மற்றதெல்லாம் சீரழிவு.

மூன்றாம் நாளும் டீசல் வரவில்லை. அடுத்த நாள் வியாழன். தெரிந்த ஒருவர் ஒரு கேன் கொண்டுவந்தார். "சுத்தமான சாமான், நோனா," என்றார். எனக்கு மூக்கில் வாடை பட்டது. பட்டும் ஊற்றினேன்.

அதில் பாதிக்கு மேல் மண்ணெண்ணெய். டீசலில் ஒரு வழவழப்பு இருக்கிறது. பம்புக்குள்ளே ஓடும் உறுப்புகளுக்கு அதுதான் எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு அது கிடையாது. வியாழன் காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அக்குறணை கடைத்தெருவில் வண்டி இருமி இருமி நின்றது. நானா முன்சீட்டில் சாய்ந்தபடியே சொன்னார், "பம்ப் காஞ்சி போச்சி, பரீதா." என் மேல் ஒரு வார்த்தை கோபம் இல்லை.

அன்று அவரால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. சனிக்கிழமை அவருக்கு மூச்சு முட்டியது. ஞாயிற்றுக்கிழமை முகம் ஊதிக் கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோய் எப்படியோ காப்பாற்றினார்கள். அந்தப் பம்பைப் பிறகு அவரே படுக்கையில் இருந்தபடி, மடியில் பழைய பேப்பரை விரித்துத் திருத்தினார்.

அன்றிலிருந்து எனக்கு வாரத்தில் இரண்டு நாள்தான். மற்ற ஐந்து நாளும் அந்த இரண்டு நாளுக்கு வண்டியைப் பத்திரமாக வைத்திருக்கிற நாட்கள்.

படிவம் வந்த கதை

அப்படிப்பட்டவளிடம் நானா ஒரு நாள் அந்த ரேஸில் சேருவதற்கான படிவத்தை நீட்டினார். பழைய டீசல் கெப்புகளுக்கு ஒரு தனிப் பிரிவு. வண்டியின் விவரம் எல்லாம் அவரே எழுதி முடித்திருந்தார். ஓட்டுநர் பெயர் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"இது என்ன நானா?"

"இவ்வளவு காலமும் மத்தவங்கட வண்டியெல்லாம் ஓட வெச்சேன். நான் செஞ்ச எஞ்சின் முழு மூச்சா ஓடி ஒரு நாளும் பாக்கல்ல. ஒரே ஒரு தரம் பாக்கணும்."

"வண்டிக்கி ஒண்ணு ஆகினா?"

"நான் செஞ்ச எஞ்சின்," என்றார் மறுபடியும்.

எனக்குக் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரேஸ், மறுநாள் திங்கள். மனிதர் கணக்குப் பார்க்காமலா எழுதினார்? அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை எல்லாம் உருட்டினேன். பிறகு வந்து பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோயில் விழுந்த பிறகு அவர் கேட்ட முதல் விஷயம் அது.

காற்றை இறக்கு

ஒத்திகை அவமானத்துக்குப் பிறகு முருகையா தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "ஆள் ஏறக் கூடாதுன்னா மண் மூட்டை ரெண்டு கட்டிக்கலாமே, பெரியவரே," என்று நானாவிடம் கேட்டான்.

நானா ஒரு மரநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பாரம் போட்டா சறுக்காது. ஆனா ஓடவும் மாட்டாது. மலைக்கி அது சரி, இங்க வாணாம். டயர்ல காத்த எறக்கு."

பின் டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினோம். டயர் தட்டையாகித் தரையில் அகலமாக உட்கார்ந்தது. பின் ஸ்பிரிங் பட்டைகள் மூட்டை சுமக்கச் செய்தவை. வெறும் பெட்டியோடு வேகமாகக் கிளம்பினால், கோழி கிண்டுவது போல் டயர் துள்ளும். அதற்கும் நானாவிடம் பதில் இருந்தது.

"ஒண்ணாம் கியர் எல்கடுவைக்கி. இங்க ரெண்டுல எடு. கிளச்ச ஒரேயடியா விடாம மெல்ல விடு. டயர் புடிச்சிட்டுதுன்னு ஒனக்கே வெளங்கும். அதுக்குப் பொறகு மிதி."

பக்கத்தில் நின்ற கண்டிக்காரர் ஒருவர் நீல நிறத்தில் ஏதோ போத்தலைக் கொண்டுவந்து, டாங்கியில் கொஞ்சம் ஊற்றினால் வண்டி பறக்கும் என்றார். நானா வாங்கி முகர்ந்து பார்த்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். முதல் நாள் மாலை நாங்கள் சுப்பர் டீசல் நிரப்பியிருந்தோம். அதுவும் வேகத்துக்கு அல்ல. "வேகம் எஞ்சின்ல ஈக்கணும். டீசல்ல சுத்தம் ஈந்தா போதும்," என்பது அவர் கட்சி.

பகல் தொழுகை முடித்து நான் திரும்பி வந்தபோது பானட் திறந்திருந்தது. நானா நாற்காலியில் இல்லை. பம்பின் மேல் குனிந்திருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த ஸ்பானரைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார்.

"சும்மா பாத்தேன்."

பம்பில் ஒரு திருகாணி இருக்கிறது. அதை உள்ளே திருப்பினால் இயந்திரத்துக்குள் டீசல் அதிகம் போகும், பலம் கூடும், கரும்புகை வரும். சூடும் ஏறும். அதிக நேரம் மிதித்தால் பிஸ்டன் உருகிவிடும். அந்த ஆணியை உள்ளே திருப்பிவிடச் சொல்லி வந்த எத்தனையோ பேரை நானா கராஜிலிருந்து விரட்டியிருக்கிறார். என் வண்டியில் அது அசையக் கூடாது என்று சிவப்புப் பெயின்டால் கோடு போட்டிருந்தவரும் அவர்தான். இப்போது அந்தக் கோடு இரண்டாகப் பிளந்து, கால் சுற்று விலகி நின்றது.

நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் முகத்தில் அப்படி ஓர் இரத்தம் ஓடி நான் பார்த்து வெகு காலமாயிற்று. மனதுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். முதல் இருநூறு மீட்டர் நானாவுக்கு. மற்ற இருநூறும் திங்கட்கிழமைக்கு. பாதி தூரத்தில் காலை எடுத்துவிடுவது.

என் கால் என் சொல் கேட்கவில்லை

பக்கத்துப் பாதையில் குருநாகல்காரர் ஒருவரின் கெப். என்னுடையதைவிட வயது குறைந்தது, பளபளப்பும் கூட. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஹெல்மெட்டை அசைத்தேன்.

பச்சை விளக்கு விழுந்தது. இரண்டாம் கியர். கிளச்சை மெல்ல விட்டேன். டயர் ஒரு கணம் முனகியது, பிறகு பிடித்தது. உண்மையாகவே எனக்கு விளங்கியது. மிதித்தேன்.

அந்த வண்டியில் மூட்டை ஏற்றியிருக்கிறேன், பிரசவப் பெண்ணை ஏற்றியிருக்கிறேன், அடக்கத்துக்கு ஒரு மய்யித்தைக்கூட ஏற்றியிருக்கிறேன். அது இப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது. முதுகு சீட்டோடு ஒட்டியது. மூன்றாம் கியர். பக்கத்தில் குருநாகல்காரரின் முன்விளக்கு தெரிந்தது, பிறகு தெரியவில்லை. நான் முன்னால் போய்விட்டேன்.

கண்ணாடியில் கரும்புகை. பாதி தூரக் கம்பம் வந்தது, போனது. காலை எடுக்க வேண்டிய இடம் அதுதான். நான் எடுக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் நேர்மையான பதில் ஒன்றுதான்: வெல்லலாம் என்று பட்டது. நானாவும் திங்கட்கிழமையும் என் தலையில் இல்லை. எனக்கு வெல்ல வேண்டும், அவ்வளவுதான். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். டொக். டொக், டொக். இரும்பை ஏதோ அடிக்கிற சத்தம், சீட்டு வழியாக என் முதுகெலும்பில் கேட்டது.

அக்குறணை கடைத்தெரு கண்ணுக்குள் வந்தது. காலை எடுத்தேன். குருநாகல்காரர் என்னைக் கடந்து போனார்.

டொக், டொக்

ஓடுபாதையின் முடிவில் வண்டியை ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைத்தேன். ஹெல்மெட்டின் வாரைக் கழற்றத் தெரியவில்லை. நாளைக்கு யாரிடம் வண்டி கேட்பது, எத்தனை மணிக்குக் கேட்பது என்று மனம் அலைந்தது.

நானா வந்தார். முருகையாவும் கூட்டாளிகளும் அவரைப் பாதி தூக்கியபடி கொண்டுவந்தார்கள். மூச்சு வாங்கியது.

"சத்தம் கேட்டிச்சி நானா," என்றேன். "உள்ளுக்கு ஏதோ அடிக்குது."

அவர் முகம் வெளுத்தது. பானட்டைத் திறந்தார். நீண்ட திருப்புளியின் நுனியை இயந்திரத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணு."

"ஏலா நானா. பயமா ஈக்குது."

"பண்ணு, பரீதா."

சாவியைத் திருப்பினேன். ஒரே தடவையில் பிடித்தது. நானா நாலு சிலிண்டரையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமில்ல," என்றார். "சுத்தமா ஓடுது. என்ன சத்தம்னு சொல்ற?"

"டொக் டொக்னு."

முருகையா வேறெங்கோ பார்த்தான். பிறகு பின்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு தேங்காயை எடுத்தான். மஞ்சள் பூசிய முழுத் தேங்காய்.

"மூலையில துணியில கட்டித்தான் வச்சேன், அக்கா. அவுந்துருச்சு போல. நல்லபடியா ஓடி முடிஞ்சா திரும்பிப் போறப்ப மாரியம்மனுக்கு ஒடைக்கலாம்னு நேந்துகிட்டேன்."

நானா தேங்காயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். நோயாளி அப்படிச் சிரிக்கக் கூடாது என்று பயந்து நான் முதுகைத் தடவினேன். நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து வந்தது. முருகையா மட்டும் சிரிக்கவில்லை. "என்னாலதான் தோத்துப்போச்சு," என்று முனகினான்.

"ஒன்னாலதான் எஞ்சின் தப்பிச்சிச்சி," என்றார் நானா.

அப்புறம் மெதுவாக என்னிடம் சொன்னார்: "நான் ஒரு பிழ செஞ்சேன். ஆணியக் கால் சுத்துத் திருப்பினேன்."

"தெரியும். பாத்தேன்."

"தெரிஞ்சுமா மிதிச்சாய்?"

"நீங்க தெரிஞ்சுதானே திருப்பினீங்க."

அவர் தலையை ஆட்டினார். "திருப்பின நேரம் ஒண்ணும் ஞாபகம் வரல்ல. நீ முன்னுக்குப் போனதப் பாத்து நின்டு கத்தினேன். பொறகு அந்தக் கரும்பொகையக் கண்டேன். அப்பதான் நாளைக்கித் திங்கக்கெழமன்னு வந்திச்சி. ஓடி வந்து ஒன்ன நிப்பாட்ட ஏலுமா?"

ஆக, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் திங்கட்கிழமையை மறந்திருந்தோம். அங்கேயே, இயந்திரம் ஆறிய பிறகு, ஸ்பானரை வாங்கி அந்த ஆணியைப் பழைய கோட்டுக்கு அவரே திருப்பி வைத்தார். மாத்தளைக்கு வந்து கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். முருகையா போய்த் தேங்காயை உடைத்து ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்தான். என் துண்டில் மஞ்சளோடு டீசல் வாடையும் இருந்தது. தின்றேன்.

விடிந்தது

மறுநாள் விடிகாலை வண்டியை எடுத்தேன். தலையணை, தண்ணீர்ப் போத்தல், ஆஸ்பத்திரிப் புத்தகம். நானா கிளினிக் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். அலுவிகாரையைத் தாண்டினோம், மாத்தளையைத் தாண்டினோம். இயந்திரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒவ்வொரு வளைவிலும் நான் மனதுக்குள் ஒரு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டேன். அவ்வளவு ஆறுதலாக நான் வண்டி ஓட்டியதே இல்லை.

அக்குறணையில் வழக்கமான நெரிசல். நானா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"அடுத்த வருஷம் பின் டயர் ரெண்டையும் மாத்தணும்," என்றார்.

எனக்குச் சட்டென்று கியர் விழவில்லை. நோயில் விழுந்த நாளிலிருந்து நானா அடுத்த வருடம் என்று ஒரு சொல் சொன்னதில்லை. பெருநாளுக்குச் சட்டை எடுக்கவா என்று கேட்டால், பார்ப்போம் என்பார். வியாழன் வரைக்கும்தான் பேசுவார். பின்னாலிருந்த பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

"யாரு ஓட்டுறது?" என்று கேட்டேன்.

"நீதான், வேற யாரு ஈக்கி?" கண்ணைத் திறக்காமலே சொன்னார். "கால மட்டும் இன்னும் கொஞ்சம் பிந்தி எடு."